கடைசித் தட்டு எங்கே போயிற்று?

இந்த இதழில் துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி, கோட்டு சூட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று சிரிக்க வேண்டாம். நம் வீட்டுக் கூடத்தில் தினமும் வந்து உட்கார்ந்து போகிற விருந்தாளியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கதை சொல்லும் பயிற்சி கொடுத்தேன். பார்த்த படம் ஒன்றின் கதையை முதலிலிருந்து முடிவு வரை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் குண்டர் கும்பல் தலைவன் வருகிற படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். தலைவன் காரிலிருந்து இறங்குவதை நடித்துக் காட்டினார்கள். கண்ணாடியைக் கழற்றும் விதம், நடக்கும் விதம், எதிரியிடம் பேசும் வசனம் எல்லாம் அச்சு அசலாக வந்தன. "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒருவன் மட்டும் உண்மையைச் சொன்னான். "தெரியல டீச்சர், போன்ல அவ்வளவுதான் வந்துச்சு."

அவன் சொன்னது எனக்கு ஒரு பெரிய கதையைச் சொல்லிவிட்டது. படம் முழுதாக வீட்டுக்கு வருவதில்லை. துண்டாக வருகிறது. அதுவும் எந்தத் துண்டு வருகிறது என்று பாருங்கள். ஏறுகிற துண்டுதான் வருகிறது. விழுகிற துண்டு வருவதில்லை.

எங்கள் பெற்றோர் காலத்தில் காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் படம் பார்க்க வேண்டுமானால் குளுவாங் போக வேண்டும். சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்து லாரியிலோ பஸ்ஸிலோ போவார்கள். மெர்சிங் சாலையில் இரவு திரும்பி வரும்போது யானை குறுக்கே நிற்கும் என்ற பயம் வேறு. (அந்தப் பயம் இன்றைக்கும் தீரவில்லை. யானை எச்சரிக்கைப் பலகையை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.) அவ்வளவு சிரமப்பட்டுப் போனவர்கள் பாதியில் எழுந்து வருவார்களா? கொடுத்த காசுக்குக் கடைசிக் காட்சி வரை பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். குற்றவாளி கைதாவதையும், செத்து விழுவதையும், அவன் தாய் அழுவதையும் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள். முடிவைப் பார்க்காத ரசிகன் அன்றைக்குக் கிடையாது.

பிறகு வீடியோ வந்தது. ஜப்பானில் 1975இல் ஒரு கம்பெனி பீட்டாமேக்ஸ் என்ற முறையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு கம்பெனி வி.எச்.எஸ். முறையைக் கொண்டு வந்தது. இரண்டுக்கும் நடந்த போட்டியில் வி.எச்.எஸ். ஜெயித்தது. நான் சிறுமியாக இருந்த எண்பதுகளில் எங்கள் லயத்தில் யாரிடமும் வீடியோ பெட்டி இல்லை. வாடகைக்கு எடுப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வசூல் செய்து, பெட்டியையும் மூன்று படங்களையும் பட்டணத்திலிருந்து கொண்டு வந்து, கோயில் மண்டபத்தில் வைப்பார்கள். 180 என்று எழுதிய ஒரு டேப்பில் மூன்று மணி நேரம் அடங்கும். ஆக, தமிழ்ப் படம் ஒன்று முழுதாக ஒரே டேப்பில் இருக்கும். தோட்டத்து ஜெனரேட்டரை அணைக்கும் நேரம் வந்துவிடுமே என்று பெரியவர்கள் தவிப்பார்கள். கிராணியாரிடம் முன்கூட்டியே கெஞ்சி நேரம் வாங்கி வைப்பதும் உண்டு.

'நாயகன்' படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். 1987 தீபாவளிக்கு வெளிவந்த படம் அது. எங்கள் மண்டபத்துக்கு டேப்பாக வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்தது. அவருக்குச் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருதும் கிடைத்தது. பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் கதையை ஒட்டியது என்று சொல்வார்கள். அந்தப் படத்தில் தலைவனுக்கு மரியாதை இருக்கிறது, மாலை இருக்கிறது, ஊரே கும்பிடுகிறது. உண்மைதான். ஆனால் கூடவே மனைவி கொல்லப்படுகிறாள், மகன் சாகிறான், மகள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போகிறாள். கடைசியில் பேரன் ஒரு கேள்வி கேட்கிறான், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று. அதற்கு அந்தப் பெரிய மனிதனுக்குப் பதில் தெரியவில்லை. வழக்கு மன்றத்திலிருந்து விடுதலையாகி வெளியே வருகிறவனை, அவன் முன்பு கொன்ற போலீஸ்காரரின் மகனே சுட்டுக் கொல்கிறான். மண்டபத்தில் பெண்கள் அழுதார்கள். ஆண்கள் பேசாமல் பாயைச் சுருட்டினார்கள்.

ஆனால் மறுநாள் நடந்தது வேறு. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மாலை வரை நேரம் இருந்தது. பையன்கள் டேப்பைப் பின்னால் ஓட்டிச் சண்டைக் காட்சியை மட்டும் போட்டார்கள். திரும்பவும் ஓட்டினார்கள். திரும்பவும் போட்டார்கள். ஐந்தாறு முறை நடந்திருக்கும். தியேட்டரில் செய்ய முடியாத காரியம் இது. டேப் தேய்ந்து அந்த இடத்தில் மட்டும் கோடு விழுந்திருக்கும். வாடகைக் கடைக்காரர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தே எந்தக் காட்சி பிடித்த காட்சி என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த விஷயத்தை பிரிட்டனில் சட்டம் போட்டே யோசித்திருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1984இல் அங்கே வீடியோ பதிவுச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். கடையில் விற்கிற, வாடகைக்கு விடுகிற வீடியோ படங்களுக்கு வயதுக் குறி வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். தியேட்டரில் ஓடி முடித்த படமாக இருந்தாலும் வீட்டுக்கு வரும்போது வீடியோவுக்கென்று சான்றிதழ் வேண்டும். இது வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் பொருள் என்பதை மனத்தில் கொண்டே குறி போட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் இருக்கிறார். வீட்டு வாசலில் யார் இருக்கிறார்? நல்ல கேள்விதான்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தக் கவலை வந்ததில் வியப்பில்லை. குண்டர் படத்தை அழகாக எடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். 1971இல் மைக்கேல் கெய்ன் நடித்த 'கெட் கார்ட்டர்' என்று ஒரு படம். மைக் ஹாட்ஜஸ் என்பவர் இயக்கியது. லண்டனில் கும்பல் வேலை பார்க்கிறவன், செத்துப்போன அண்ணனுக்கு நியாயம் தேடி நியூகாசில் என்ற தொழிலாளர் நகருக்குப் போகிறான். கச்சிதமான சூட்டு, மேலே மழைக் கோட்டு, கையில் துப்பாக்கி. அந்தத் தோற்றத்தை அங்குள்ளவர்கள் ஐம்பது வருஷமாகப் பேசுகிறார்கள். 2022இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அந்தப் படத்தைத் துலக்கிப் புதுப்பித்து, மீண்டும் தியேட்டரில் ஓட்டி, பிறகு வீட்டில் பார்க்கும் தட்டாகவும் வெளியிட்டது. என் தம்பி தருவித்து வைத்திருந்தான். அவன் வீட்டில் பார்த்தேன். பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான். உறையில் 18 என்று பெரிதாகப் போட்டிருந்தது, அது சரியான குறிதான். எனக்கு அந்தக் கோட்டும் சூட்டும் நினைவில் நிற்கவில்லை. குளிர்ந்த கடற்கரையில், பழி தீர்ந்தது என்று சிரிக்கிற நேரத்தில், எங்கிருந்தோ வரும் ஒரே குண்டில் விழுந்து கிடக்கிறானே, அதுதான் நிற்கிறது. சுவரொட்டியில் அந்தக் காட்சியைப் போட மாட்டார்கள். சூட்டைத்தான் போடுவார்கள்.

நம் கதைக்கு வருவோம். டேப்புக்குப் பிறகு தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நம் வீடுகளுக்கு வி.சி.டி. வந்தது. மலிவான பெட்டி, மலிவான தட்டு. சம்பளத்தில் சீட்டுப் போட்டு வாங்காத வீடு குறைவு. ஆனால் ஒரு தட்டில் சுமார் 74 நிமிடப் படம்தான் அடங்கும். நம்முடைய இரண்டரை மணி நேரப் படம் இரண்டு தட்டாகவோ மூன்று தட்டாகவோ வரும். இப்போது யோசித்துப் பாருங்கள். குண்டர் படம் என்றால் முதல் தட்டில் ஏழைப் பையன் அடிபடுகிறான், திருப்பி அடிக்கிறான், தலைவனாகிறான், பாட்டு வருகிறது. கடைசித் தட்டில்தான் மனைவி சாகிறாள், கூட்டாளி காட்டிக் கொடுக்கிறான், போலீஸ் வருகிறது. நம் வீட்டில் எந்தத் தட்டு பத்திரமாக இருந்தது? பையன்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு போனதில் கடைசித் தட்டு காணாமல் போகும். இல்லையென்றால் கீறல் விழுந்து பாதியில் நின்று சதுரம் சதுரமாகத் தெரியும். "பரவாயில்லைம்மா, முதல் தட்டுதான் நல்லாருக்கும்" என்பான் பையன். நாமும் வேலை அலுப்பில் சரி என்று விட்டுவிட்டோம்.

பசார் மாலாமில் திருட்டுத் தட்டு ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. அசல் தட்டில் அரசாங்கத்தின் மின்னும் ஒட்டுவில்லை இருக்கும், வயதுக் குறி இருக்கும். திருட்டுத் தட்டில் ஒன்றும் இருக்காது; நகல் எடுத்த ஒரு காகிதம் மட்டும். வெட்ட வேண்டியதை வெட்டாத பிரதிகளும் அதில் வந்தன. ஒரு தட்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று சமையல் பாத்திரம் போல விற்றார்கள்.

அந்தக் காலக் கடைசியில்தான், 2007 டிசம்பரில், அஜித்தின் 'பில்லா' வந்தது. இந்தியில் 1978இல் வந்த 'டான்', தமிழில் 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா', அதன் மறு அவதாரம் இது. விஷ்ணுவர்தன் இயக்கினார். கதை நடப்பதே நம் மலேசியாவில். நம் நாட்டுச் சாலை, நம் நாட்டுக் கட்டடம், பத்துமலையில் 2006இல் எழுப்பிய பெரிய முருகன் சிலை எல்லாம் அந்தப் படத்தில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குப் பெருமையாக இருந்ததைச் சொல்லி முடியாது. அதுவரை குண்டர் தலைவன் பம்பாயில் இருந்தான், மெட்ராஸில் இருந்தான். இப்போது கோலாலம்பூருக்கே வந்துவிட்டான். எவ்வளவு நாகரிகமான உடை! எவ்வளவு அமைதியான நடை! அப்போது நான் வேலைக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பையன்கள் மழைநாளில்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார்கள். அந்தப் படத்தில் உண்மையான பில்லா, படம் பாதியை எட்டும் முன்பே செத்துப் போகிறான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்தார்கள்? பிறகு நாம் பார்ப்பது போலீஸ் அனுப்பிய ஆள்மாறாட்டக்காரன். கோட்டு அதேதான். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

2016 ஒரு வேடிக்கையான வருஷம். ஜனவரியில் நெட்பிளிக்ஸ் நம் நாட்டுக்கு வந்தது. ஜூலை 22இல் பா. ரஞ்சித் இயக்கிய 'கபாலி' வெளிவந்தது. அதே ஜூலையோடு உலகில் கடைசியாக வீடியோ பெட்டி செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் அந்த வேலையை நிறுத்தியது. கோயில் மண்டபத்தில் நாங்கள் பார்த்த பெட்டியின் வம்சம் அத்தோடு முடிந்தது.

'கபாலி' நம்மைப் பற்றிய படம். தோட்டத்தில் சரியான கூலி கேட்டுக் குரல் கொடுத்த இளைஞன்தான் பிறகு கும்பல் தலைவனாகிறான். கும்பலில் சிக்கிய பிள்ளைகளுக்காக அவன் நடத்தும் பள்ளிக்கூடமும் அந்தப் படத்தில் வருகிறது. (ஓர் ஆசிரியையின் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.) அதன் முடிவை இந்தியாவில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் காட்டினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் துப்பாக்கிச் சத்தத்தோடு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டார்கள். நம் நாட்டில், கபாலி போலீஸில் சரணடைந்தான் என்று திரையில் எழுத்து வந்தது. குற்றவாளி சட்டத்துக்குத் தப்பக்கூடாது என்பது தணிக்கையின் எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஒரு வரி எழுத்தை யார் பார்த்தார்கள்? விளக்கைப் போட்டதும் எழுந்து போகிற கூட்டம் நாம். வீட்டில் என்றால் அதற்கு முன்பே அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். முடிவைத் திருத்துவதால் பயன் வர வேண்டுமென்றால், முடிவைப் பார்க்கிற ஆள் வேண்டுமே!

சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் மற்ற எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் இருப்பவர்கள் 40,000 பேருக்கு மேல், அவர்களில் பத்தில் ஏழு பேர் நம்மவர் என்று அப்போது சொல்லப்பட்டது. நாட்டு மக்கள் தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். அந்தக் கணக்கைப் படித்த அன்று ஆசிரியர் அறையில் யாரும் சாப்பிடவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது, லயத்தை விட்டுப் போன குடும்பங்கள் பட்டணத்து ஓரத்தில் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கின. கோயில் போயிற்று, பள்ளி தூரமாயிற்று, ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருகிற பக்கத்து வீடு போயிற்று. தமிழ்ப்பள்ளியில் சுறுசுறுப்பாக இருந்த பையன் இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழிப் பாடம் புரியாமல் கடைசி வரிசைக்குப் போனான். அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், எண்களைப் பெயராக வைத்துக்கொண்ட அந்தக் கும்பல்காரர்கள்தான். சினிமா அவனை அனுப்பவில்லை. போகிறவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

என்னிடம் படித்த ஒருவன் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டான். பெயர் வேண்டாம். கட்டுரை எழுதினால் இரண்டு பக்கத்துக்குக் குறையாது, அத்தனை கற்பனை. இப்போது சிறையில் இருக்கிறான். அவன் தாயார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், சின்ன வயசுல நல்லா எழுதுவான்ல?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்வேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தப் பையனை நினைத்துத்தான் 'ஜகாட்' படத்தைப் பற்றி எழுத இவ்வளவு சுற்றி வந்தேன். நம் நாட்டுப் படம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய முதல் முழுநீளப் படம். 2015 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது. மலாய் மொழியில் கெட்டவனைக் குறிக்கும் 'ஜஹாட்' என்ற சொல்லை நம்மவர் வாயில் திரித்துச் சொல்வதுதான் தலைப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம். அப்போய் என்று 12 வயதுப் பையன். குறும்பு அதிகம், மூளையும் அதிகம். அப்பா கண்டிப்பானவர், படித்தால்தான் தப்பிக்கலாம் என்று அடித்து அடித்துச் சொல்கிறவர். சித்தப்பன்மாரில் ஒருவர் கும்பலில் இருக்கிறார்; இன்னொருவர் போதையில் அழிந்து மீளப் பார்க்கிறவர். பையனின் கண் கும்பல்காரச் சித்தப்பா மேலேயே இருக்கிறது. பள்ளிக்கூடம் அவன் கற்பனையைக் குறும்பாகவே பார்க்கிறது. அதைப் பார்க்கையில் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் இந்தப் படத்தால் ஒரு சர்ச்சை எழுந்தது. மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் வைப்பது என்று முதலில் முடிவு செய்திருந்தார்கள். மலாய்க் கலைஞர்களே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நன்றி கெட்டதனம். விதி மாற்றப்பட்டது. சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்' படத்துக்குக் கிடைத்தது. நம்மவர் எடுத்த, லயத்துப் பேச்சுத் தமிழில் பேசுகிற படம்! பிற்பாடு இணையம் வழியாக வீட்டுத் திரைக்கும் வந்தது.

அதில் கார் பறக்காது. யாரும் மெதுவாகத் திரும்பி நடந்து வர மாட்டார்கள். அடி விழுந்தால் வலிக்கிற மாதிரி விழும். கெட்ட வார்த்தை இருக்கிறது, போதைப் பொருள் இருக்கிறது. ஆகவே, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. முடிவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. முடிவுக்காகவே பார்க்க வேண்டிய படம் என்பதால்தான்.

செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவரின் மனைவி சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கு வந்தார். மூத்தவன் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். போனில் எந்நேரமும் கும்பல் படத் துண்டுகளையே பார்க்கிறான், அப்பா போனைப் பிடுங்கிவிட்டார், இரண்டு நாளாக வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை என்றார். "என்ன டீச்சர் செய்யறது? படமே காட்ட வேண்டாமா?"

"காட்டுங்கம்மா. ஆனா முழுசா காட்டுங்க" என்றேன். 'ஜகாட்' படத்தைச் சொன்னேன். முதலில் அவரும் கணவரும் மட்டும் பார்க்க வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை பகலில் பையனோடு உட்கார வேண்டும். இரவில் வேண்டாம், காலையில் பெரட்டுக்குப் போகிற மனிதர் பத்து மணிக்கு மேல் விழித்திருக்க மாட்டார், அவர் தூங்கிவிட்டால் காரியம் கெட்டுவிடும். சின்னவளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட வேண்டும். நடுவில் அறிவுரை சொல்லக்கூடாது. "பாத்தியா, இப்படித்தான் நீயும் ஆவே" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் பையன் எழுந்து போய்விடுவான். அப்பாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவருக்குத்தான் அது கஷ்டம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு ஞாயிறு ஆயிற்றாம். முதல் ஞாயிறு பாதியில் மழை வந்து இணையம் நின்றுவிட்டது. (நம் பக்கத்தில் அது புதுமையா?) பையன் மீதியைப் போனில் பார்த்துவிடுவான் என்று தாயார் பயந்தார். அவன் பார்க்கவில்லை. அப்பா வரட்டும் என்று காத்திருந்தான். அடுத்த ஞாயிறு மூவருமாக உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்கள். படத்தில் அப்பா மகனை அடிக்கிற இடம் வந்தபோது இவருடைய வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாராம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. படம் முடிந்ததும் பையன், "அந்தப் பையன்கிட்ட என்ன வேணும்னு யாருமே கேக்கலையேப்பா" என்றானாம். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான், "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டாராம். பையன் கேட்டது சைக்கிள் டயர். பழசு தேய்ந்துபோய், பஸ் நிற்கும் இடத்துக்குப் போக முடியாமல் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுக்கொண்டிருந்தானாம். இந்தச் செய்தி அன்றுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

டயரைச் சம்பளம் போட்ட அன்றே வாங்கிவிட்டார்கள். போன் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதாம். அதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இப்போது கேட்டு அனுப்பியிருக்கிறார். சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் கொடுங்கள், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறையிலேயே மலாய் வாசிப்பு எப்படிப் பழக்குவது என்று பார்ப்போம்.